மோட்டார் ரூமில் மூன்று நாள்

மூன்று நாளில் மோட்டார் ரூமுக்கு எத்தனை தடவை போய் வந்தேன் என்று எனக்கே தெரியாது. கிணற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, காட்டில் வெள்ளாமையும் இல்லை. ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் காற்று மட்டும்தான் விளையும். துக்க வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் செருப்பை மாட்டிக்கொண்டு கரிசலில் நடந்தால் ஊர் பார்க்கத்தானே செய்யும்? "மோட்டாருல இப்ப என்னலே வேல?" என்று கேட்டவர்களிடம், "ஸ்டார்ட்டர்ல ஒரு கோளாறு" என்றேன். அருப்புக்கோட்டையில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டும் கடை வைத்திருப்பவன் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

ஸ்டார்ட்டருக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. அதற்குள் என் அண்ணன் மேல் போர்த்தி வந்த தேசியக் கொடி இருந்தது. எலி கடித்துவிடுமோ, ஆடு மேய்க்க வருகிற எவனாவது பழைய துணி என்று எடுத்துவிடுவானோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்ப் பார்ப்பேன். பை அப்படியே தொங்கும். கதவைச் சாத்திவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் மறுபடியும் மனசு அரிக்க ஆரம்பித்துவிடும்.

அண்ணன் அழகுராஜா ராணுவத்தில் ஹவில்தார். பதினெட்டு வருஷ சர்வீஸ். மலைப்பாதையில் ராணுவ லாரி உருண்டதில் போய்விட்டார். அவர் உடல் மதுரை வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து பட்டாளத்து வண்டியில் எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி எங்கள் ஊருக்குள் நுழைந்தபோது, பெட்டியை மூடியிருந்த கொடிதான் முதலில் கண்ணில் பட்டது. அதற்குள் இருப்பது அண்ணன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சுடுகாட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பிறகு ஆறு பேர் கொடியை எடுத்து மடித்தார்கள். கைக்குழந்தையைத் துணியில் சுற்றுகிற பதனம் அது. சுபேதார் ஒருவர் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, "மனைவி எங்கே?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்கு வரும் வழக்கமில்லை. மதினியை வீட்டுக்குள் மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் கையை நீட்டினேன்.

"அவங்க கையில கொடுக்கணும். கண்டிப்பா," என்றார் சுபேதார். நானும் பெரிய மனுஷன் போலத் தலையை ஆட்டினேன்.

வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதும் அய்யா என் பக்கத்தில் வந்தார். என் அப்பா நல்லமுத்து அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னார்.

"அத இங்கனயே போட்டுட்டு வா."

"அய்யா, இது கொடி."

"கொடியோ சேலையோ, பொணத்து மேல கெடந்த துணி வீட்டுக்குள்ள வரக்கூடாது. வந்தா அடுத்த ஆளக் கேக்கும். எனக்கு மிச்சம் நீ ஒருத்தன்தாம்ல."

எங்கள் வழக்கம் அது. மாலையும் சேலையும் சுடுகாட்டோடு சரி. குளித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீடு வர வேண்டும். இந்த மாதிரி நம்பிக்கைகளைப் பற்றிக் கடையில் உட்கார்ந்து வாய் கிழியப் பேசுகிறவன் நான். அய்யாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சு ஒன்றும் உதவவில்லை. அவர் பயந்தது தனக்காக இல்லை, எனக்காக. அங்கே போட்டுவிட்டு வர மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகத் தைரியம் இல்லை. மற்றவர்கள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் நழுவி, மோட்டார் ரூமில் கிடந்த மஞ்சப்பைக்குள் கொடியைத் திணித்து ஆணியில் மாட்டினேன். ஆறு பேர் அவ்வளவு பதனமாக மடித்ததை ஒரு நொடியில் கசக்கிச் சுருட்டினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தோம். கால் கழுவிக்கொண்டு உள்ளே போனதும் மதினி மூலையிலிருந்து கூப்பிட்டார். ரேணுகாதேவி மதினிக்கு நரிக்குடிப் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அண்ணனோடு ராணுவக் குவார்ட்டர்ஸில் ஊர் ஊராக வாழ்ந்தவர். அவர்களுக்குப் பிள்ளையில்லை. அழுது அழுது அவருக்குக் குரலே கம்மிப் போயிருந்தது.

"கொழுந்தனாரே, கொடி எங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். வாசலில் நாற்காலி போட்டு அய்யா உட்கார்ந்திருந்தார். பேசுவது அவருக்குக் கேட்கும்.

"அது... அண்ணனோட சேத்தே எரிச்சுட்டாக மதினி."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். மதினி என்னையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கொடிய எரிக்க மாட்டாக. குழியிலயும் வைக்க மாட்டாக. எடுத்து மடிச்சு வீட்டுக்காரிகிட்ட குடுப்பாக. உங்க அண்ணனே நாலு வீட்டுக்குக் கொண்டுபோயிக் குடுத்திருக்காரு. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து ரெண்டு நாளு சோறு திங்க மாட்டாரு. 'அந்தப் புள்ள அத வாங்கி மடியில வச்சுக்கிட்டே ஒக்காந்திருந்துச்சு ரேணுகா'ம்பாரு." மூச்சு வாங்கினார். "என் மடியில வைக்க எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன்.

"எங்கலே போற?" என்றார் அய்யா.

"வாரேன்."

செருப்பைப் போட மறந்துவிட்டேன் என்பது பாதி வழியில் முள் தைத்தபோதுதான் தெரிந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினேன். சீமைக்கருவேலம் பேய் பிடித்தது போல ஆடியது. புழுதி வாய்க்குள் போனது. பை இருந்தது. கொடியை வெளியே எடுத்தேன். எலி தொடவில்லை. ஆனால் வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கிரீஸ் ஒட்டியிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து வந்ததல்ல. முதல் நாள் திணித்த என் கையிலிருந்து வந்தது. என் தொழிலே அதுதானே, எந்தச் சோப்புக்கும் போகாத கை. அந்த ரூமில் நின்று, அண்ணன் செத்த சேதி வந்த பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதேன்.

கொடியை மறுபடி பைக்குள் வைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெரு வழியாகவே வந்தேன். துக்கத்துக்குப் போட்ட பந்தலில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அய்யா எழுந்து நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"படி ஏறாத."

"நான் மதினிகிட்ட பொய் சொல்லிட்டேன்யா. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீக. இதுக்கு மேல என்னால ஆகாது."

"ஒருத்தனக் குடுத்தது பத்தாதா? நீயும் போகணுமாலே?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. அய்யாவிடம் ஆயுசில் குரல் உயர்த்தாதவன் கத்தினேன். "நான் போறதா இருந்தா கரண்டு அடிச்சே போயிருவேன்யா! அண்ணன் மேல கெடந்தது என்னை எதுக்குக் கொல்லப் போகுது? அவரு என்னைக்காச்சும் எனக்குக் கெடுதல் நெனச்சிருக்காரா?"

அய்யா நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டார். வழி விடவில்லை.

அவருக்குப் பின்னால் உள்ளே சலசலப்புக் கேட்டது. "பதினாறு முடியாம வெளிய போகக்கூடாது தாயி," என்று பெண்கள் தடுத்தார்கள். மதினி கையை உதறிக்கொண்டு நிலைப்படிக்கு வந்துவிட்டார்.

"அது உள்ள வரக்கூடாதுன்னா இருக்கட்டும் மாமா. நான் வெளிய வாரேன்."

அய்யா ஒதுங்கினார். வேறு என்ன செய்வார்? மருமகள் மேல் கை படக்கூடாதே. மதினி படியிறங்கி வெயிலில் வந்து நின்றார். பந்தலில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எவன் திரும்பினால் என்ன என்று எனக்கு இருந்தது. மதினி இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். நான் கொடுத்தேன். அவர் கசங்கலைத் தடவிப் பார்த்தார். கிரீஸ் கறை மேல் விரல் நின்றது.

"இப்பிடியா குடுத்தாக?"

"இல்ல மதினி. நான்தான் இப்பிடி ஆக்கிட்டேன்."

"சரி. அந்த முனையப் பிடிங்க. மடிச்சுத்தான் வாங்கணும்."

விரித்தோம். ஆறடி நீளம் இருக்கும். "காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில போகணும். சக்கரம் மேல தெரியணும்," என்றார் மதினி. நான் இரண்டு முனைகளையும் சேர்க்கப் போனேன். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன காற்று தெருமுனையிலிருந்து வாரி அடித்துக்கொண்டு வந்தது. கொடி பந்தாக உப்பி என் இடது கையிலிருந்து ஒரு முனையைப் பறித்தது.

"மண்ணுல படக்கூடாது!" மதினி அலறினார்.

நான் குனிவதற்குள் கீழே ஒரு கை நீண்டு, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் அந்த முனையைப் பிடித்துவிட்டது. அய்யா. படியிலிருந்து எப்போது இறங்கினார், எப்போது மண்டியிட்டார், எனக்குத் தெரியாது. பச்சை முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். முழங்காலில் சிராய்த்து ரத்தம் வந்தது.

"விடுங்கய்யா, நான் பிடிச்சுக்கிறேன்," என்றேன்.

அவர் விடவில்லை. துணியை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மதினியை அண்ணாந்து பார்த்தார்.

"சொல்லு தாயி," என்றார். "இத எப்பிடி மடிக்கணும்?"