பன்னிரண்டாவது சொஜ்ஜி

பையனுக்குப் பெண் பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை என்றால் சுவாமிநாதனுக்குக் காலையிலிருந்தே குஷிதான். பையன் ராகவேந்திரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான். அப்பாவோ மூன்று மணிக்கே ஜரிகை வேஷ்டி கட்டிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பார். பிள்ளைமேல் எவ்வளவு அக்கறை என்று மயிலாப்பூரில் அந்தத் தெருவே மெச்சியது. அக்கறையாவது, மண்ணாங்கட்டியாவது! மனுஷருக்குப் பெண் வீட்டில் கொடுக்கிற ரவா சொஜ்ஜி வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

தொண்ணூற்று நாலில் ஏ.ஜி. ஆபீஸிலிருந்து ரிடையரான மறு மாதமே அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. உருளைக்கிழங்கு கூடாது, சர்க்கரை கண்ணிலேயே படக்கூடாது, சாதம் ஒரே ஒரு கரண்டி என்றார் டாக்டர். எந்தக் கரண்டி என்று அவர் சொல்லவில்லை. மனைவி அபயாம்பாள் நெய்க் கரண்டியை எடுத்துக்கொண்டாள். மீதி இலை முழுக்கக் கீரையும் புடலங்காயும்தான்.

சர்க்கரைக்குப் பதில் என்ன என்பதில்தான் அவள் ஏகப்பட்ட ஆராய்ச்சி பண்ணினாள். முதலில் பனங்கற்கண்டு. "அது மருந்துன்னா, ஒண்ணும் பண்ணாது" என்று பக்கத்து ஆத்து மாமி சத்தியம் பண்ணியிருந்தாள். அப்புறம் தேன். இரண்டு தடவையும் ரத்தத்தில் சர்க்கரை ஏறி நின்றது. "எல்லாம் ஒரே குடும்பம்தாம்மா, பேர்தான் வேற வேற" என்று டாக்டர் சத்தம் போட்டார். பிறகு லஸ் முனை மருந்துக்கடையில் சாக்கரின் வாங்கினாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. காலைக் காப்பியில் போட்டால் நாக்கு நுனியில் தித்திக்கும், தொண்டைக்குப் போனதும் கசக்கும், அந்தக் கசப்பு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நகராது. கடைக்காரர், புதுசாக ஒன்று வந்திருக்கிறது, கசக்கவே கசக்காது என்று வேறொரு மாத்திரை கொடுத்தார். அதைப் பத்துப் பன்னிரண்டு போட்டுப் பாயசத்தை அரைமணி கொதிக்கவிட்டாள். இறக்கிப் பார்த்தால் தித்திப்பு என்ற பேச்சே இல்லை. "ஏமாத்து வேலை!" என்று அந்த டப்பியை அலமாரியின் கோடிக்குத் தள்ளிவிட்டு, பழையபடி சாக்கரினுக்கே திரும்பிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் ராகவேந்திரனுக்கு முதல் பெண் பார்க்க மாம்பலம் போனார்கள். தட்டில் நெய் மினுங்க, முந்திரி தலைநீட்ட சொஜ்ஜி வந்தது. சுவாமிநாதன் பரிதாபமாகப் பெண்டாட்டியைப் பார்த்தார். "முதல் தடவை வந்த எடத்துல தித்திப்பை வேண்டாம்னு சொல்லப்படாது. ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்று அவள் காதோடு சொன்னாள். ஒரு வாய் ஒரு தட்டாயிற்று. யாரும் பார்க்காத சமயம் இன்னொரு தட்டும் ஆயிற்று. ஆஹா, உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவருக்கு!

அன்றைக்கே அவர் மூளையில் கணக்கு ஓடிவிட்டது. இந்தப் பெண்ணையே சரி என்றால் அடுத்த சொஜ்ஜி எங்கிருந்து வரும்? கையைத் துடைத்துக்கொண்டு, "ஆத்துக்குப் போய் ஃபோன் பண்றோம்" என்றார். அந்த ஃபோன் போகவே இல்லை. ஒரு பெண் உயரம் அதிகம் என்றார். இன்னொருத்திக்குக் குரல் கட்டை. நாலாவது வீட்டில் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிஷம் தாமதமாக ஓடியதாம், நேரம் தெரியாத குடும்பமாம்! ஏழாவது, நங்கநல்லூர்ப் பெண். அவள் மூக்கில் குற்றம் கண்டுபிடித்தார். அந்தப் பெண்ணை ராகவேந்திரனுக்குப் பிடித்திருந்தது. வாயைத் திறந்து அப்பாவை எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை, சாப்பிடாமல் மொட்டைமாடிக்குப் போய் நின்றான். அதைப் பார்த்த சுவாமிநாதனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, அடுத்த தடவை கட்டாயம் சரி சொல்லிவிட வேண்டும் என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டார். ஆனால் அடுத்த வீட்டில் நெய் வாசனை வந்ததும் வேண்டுதல் எங்கேயோ போயிற்று. இப்படியே பதினோரு பெண்கள். பிள்ளைக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது.

மாசம் இரண்டு திங்கட்கிழமை ஆழ்வார்பேட்டையில் ஒரு லேபுக்கு ரத்தம் கொடுக்கத் தனியாகப் போய் வருவார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். நாற்காலியில் உட்கார்ந்ததும் இடது கையை நீட்டி, கண்ணை இறுக்க மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுவிடுவார். ஊசி குத்துகிற பெண்ணின் குரல் மட்டும்தான் தெரியும். "கையை நீட்டுங்கோ மாமா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பெண் பார்த்த மறுநாள் போனால் சர்க்கரை இருநூற்றைம்பதைத் தாண்டும். அபயாம்பாள் லேபில் கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்குவாள். பாவம், அந்த நெய்க் கரண்டிச் சாதத்திலும் பாதியைக் குறைப்பாள்.

பன்னிரண்டாவது ஜாதகம் அடையாற்றிலிருந்து வந்தது. பெண் என்ன படித்திருக்கிறாள், எங்கே வேலை பார்க்கிறாள் என்று அபயாம்பாள் வாசித்துக்கொண்டே போனாள். சுவாமிநாதன் எத்தனை மணிக்கு வரச்சொன்னார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பெண்ணின் அப்பா சபேசன் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். பெண்ணின் பெயர் பத்மஜா. வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டு, பேசாமல் உள்ளே போய்விட்டாள். பையனும் பெண்ணும் ஐந்து நிமிஷம் பேசட்டும் என்று சபேசன் சொல்ல, இரண்டு பேரும் பால்கனிக்குப் போனார்கள். அதற்குள் பெண்ணின் அம்மா தட்டுகளோடு வந்தாள். சொஜ்ஜி இல்லை! சுவாமிநாதனுக்குப் பக்கென்றது. பூசணிக்காயைத் துருவிக் கிளறிய காசி அல்வா. சரி, கல்யாணத்திலேயே போடுகிற சமாசாரம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஒரு விள்ளல் வாயில் போட்டார். அடடா! ஏலக்காயும் நெய்யுமாக, தொண்டைவரைக்கும் கசப்பே இல்லாத தித்திப்பு. தட்டு காலியானது அவருக்கே தெரியவில்லை. பெண்ணின் அம்மா இன்னொரு கரண்டி வைத்தாள், அதுவும் காலி. பால்கனியில் ராகவேந்திரன் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து ஒரு வருஷமாவது இருக்கும்.

இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். பத்மஜா தண்ணீர் டம்ளரை எடுத்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"கையை நீட்டுங்கோ மாமா."

அவ்வளவுதான். சுவாமிநாதனின் இடது கை தானாக நீண்டது. விரல்கள் இறுக மூடிக்கொண்டன. கண் மூடியது. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

"ஏன்னா, என்ன பண்றேள்?" என்றாள் அபயாம்பாள் பதறிப்போய்.

அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். எதிரே சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு முகம். லேபில் கேட்கிற அந்தக் குரலுக்கு இந்த முகமா! அவள் அவரைப் பார்த்தாள், வழித்துத் துடைத்த தட்டைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் இதுதானா மாமா?" என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

செத்தோம் என்று நினைத்தார் சுவாமிநாதன். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அபயம் மீதியைக் கண்டுபிடித்துவிடுவாள்.

"அவருக்கு இன்னும் போட்டுடாதே கொழந்தே" என்று அபயாம்பாள் அந்த நேரம் பார்த்துச் சொன்னாள். "அவருக்கு சுகர்."

"எனக்கும்தான் மாமி, பத்து வருஷமா!" என்று சபேசன் கடகடவென்று சிரித்தார். "இதுல ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது. ரவையும் கிடையாது. தைரியமா சாப்பிடட்டும்."

அபயாம்பாள் நம்பாமல் தன் தட்டிலிருந்து ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். இன்னொரு வாய் போட்டாள். "எதைப் போட்டே? சாக்கரினா? கசக்கலையே!"

"அது இல்லை மாமி" என்றாள் பத்மஜா. "கசக்காத இன்னொரு மாத்திரை இருக்கே, அது. அடுப்புல இருக்கறப்போ போட்டுக் கொதிக்கவிட்டா தித்திப்பு போயிடும். அல்வாவை இறக்கி, சூடு கொஞ்சம் தணிஞ்சப்புறம் பொடி பண்ணிக் கலக்கணும். கொதிக்கற வஸ்துன்னா சாக்கரின்தான் தாங்கும், ஆனா கசக்கும்."

அபயாம்பாள் படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அரைமணி கொதிக்கவிட்டேனே! நல்லதை அலமாரிக்குள்ள போட்டுட்டு, ரெண்டு வருஷமா மனுஷருக்குக் கசப்பைப் புகட்டிண்டிருக்கேனே!" அவள் கண் நிறைந்துவிட்டது. "அளந்து அளந்து போட்டும் ஏன் ஏறறதுன்னு தெரியாம முழிச்சுண்டிருந்தேன். நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன்."

பத்மஜாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அதுதான் சுவாமிநாதனுக்குத் தாங்கவில்லை.

"நீ ஒரு தப்பும் பண்ணலைடி அபயம்" என்று எழுந்து நின்றுவிட்டார். "பதினோரு ஆத்துலயும் ரெண்டு ரெண்டு தட்டு சொஜ்ஜி. எந்தப் பொண்ணுகிட்டயும் குத்தம் இல்லை. என் நாக்குதான் குத்தம். கல்யாணம் நிச்சயமாயிட்டா சொஜ்ஜி நின்னு போயிடுமேன்னு பயந்துட்டேன்."



"அப்போ அந்த நங்கநல்லூர்ப் பொண்ணோட மூக்கு?" என்றான் ராகவேந்திரன்.

"நல்ல மூக்குடா. லட்சணமான மூக்கு. என்னை மன்னிச்சுடு."

முதலில் சிரித்தது அபயாம்பாள்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, உடம்பு குலுங்கச் சிரித்தாள். "கடிகாரம் லேட்டாம்... நேரம் தெரியாத குடும்பமாம்... ஆத்துக்கு வாங்கோ, வெச்சுக்கறேன் உங்களை!" சபேசனும் அவர் மனைவியும் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்கள். சிரித்து ஓய்ந்ததும் சபேசன், வழக்கமாக யாரும் கேட்காததைக் கேட்டார். "மாப்பிள்ளைப் பையன் என்ன சொல்றார்?"

ராகவேந்திரன் பத்மஜாவைப் பார்த்தான். அவள் தலையை லேசாக அசைத்தாள்.

"ஆத்துக்குப் போய் ஃபோன் பண்ண வேண்டாம் மாமா" என்றான். "இங்கேயே சொல்லிடறேன். எங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்."

சுவாமிநாதன் பிள்ளையைக் கட்டிக்கொண்டார். அழுகை வந்துவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஆழ்வார்பேட்டை லேபில் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். வெள்ளைக் கோட்டோடு பத்மஜா வந்து நின்றாள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். திரும்பிக்கோங்கோ மாமா."

"திரும்பிக்கப் போறதில்லை" என்றார் சுவாமிநாதன். "ரெண்டு வருஷமா உன்னைப் பார்க்காம சுவரைப் பார்த்துண்டு உட்கார்ந்திருந்தேன். ஆத்துக்கு ஆத்துக்குப் பொண்ணு தேடிண்டு அலைஞ்சேன். நீ குத்தும்மா."

அவள் குத்தினாள். வலிக்கத்தான் செய்தது. அவர் கண்ணை மூடவில்லை.