கத்திரி வெயிலில் ஒரு கம்பளி

மனித உடம்பைக் கத்தியால் தொடாமலே அதன் உள்ளே ஒளிந்திருக்கும் ஒவ்வொரு அணுவையும் கண்டு சொல்லும் பேரொளி நம் காலத்தில் தோன்றிவிட்டது. அந்தப் பேரொளியின் திருமுன் நிற்கும் பேறு சேரன்மகாதேவியில் முதன்முதலாக எங்கள் குடும்பத்துக்கே வாய்த்தது.

இப்படி அறிவித்தவர் நான் அத்தான் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரரின் அண்ணன், ஓய்வுபெற்ற கூட்டுறவு சார்பதிவாளர் நெல்லையப்பன். அறிவித்த இடம் குடும்ப வாட்ஸ்அப் குழு. முதல் பதில் தூத்துக்குடி சித்தியிடமிருந்து வந்தது: "கும்பாபிஷேகம் என்னைக்கு?"

பேரொளி என்றது பெட் ஸ்கேனை. திருமுன் நிற்க வேண்டியவள் நான், சங்கரி. நிற்பதுகூட இல்லை, படுக்க வேண்டும். இடது மார்பில் ஒரு கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அக்குளிலும் ஒரு நெறிக்கட்டி டாக்டர் கையில் தட்டுப்பட்டது. நோய் அதோடு நின்றிருந்தால் முதலில் அறுவை, பிறகு மருந்து. கழுத்து வரைக்கும் ஏறியிருந்தால் பேச்சே வேறு. அதைத்தான் ஸ்கேன் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு இதில் என்ன உற்சாகம் என்றால், அவரோடு வேலை பார்த்த ஒருவர் மனைவிக்கு எடுத்தது வெறும் சாதா ஸ்கேன். "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அதெல்லாம் காணாது. தலையில இருந்து தொடை வரைக்கும் பாத்துரணும்லா" என்றார். அந்த வீம்பு மட்டும் இல்லாவிட்டால் நானும் என் வீட்டுக்காரர் சுந்தரும் அடுத்த மாசம் பார்ப்போம் என்று இழுத்திருப்போம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவரோ அண்ணன் முன்னால் வாய் திறக்காதவர். எங்கள் இருவரிடமும் வீம்பு என்கிற சரக்கே கிடையாது.

கத்திரி தொடங்கிய வாரம் அத்தான் காரில் திருநெல்வேலிக்குப் போனோம். ஓட்டியது சுந்தர். நாலு கண்ணாடியும் இறக்கியே இருந்தன.

"ஏ.சி.யில போறவனெல்லாம் நோயாளிலே. தாமிரபரணிக் காத்துக்கு ஈடு உண்டா?" என்று பத்தமடை தாண்டும் வரை சொல்லிக்கொண்டு வந்தார். காற்று அடுப்பிலிருந்து வருவதுபோல் வந்தது. நோயாளி நான் பின்சீட்டில் இருந்தேன்.

ஸ்கேன் சென்டரில் அத்தான் முன்கூட்டியே பேசி ஒரு தனி அறை வாங்கியிருந்தார். ஊசி போட வந்த முகம்மது மைதீன் பொறுமையாகச் சொன்னார்.

"அக்கா, இது சர்க்கரை மாதிரி ஒரு மருந்து. கொஞ்சம் கதிர்வீச்சு கலந்திருக்கும். நோய் இருக்க இடம் சர்க்கரையை நெறைய இழுக்கும், அங்கன வெளிச்சமாத் தெரியும். ஊசி போட்டு ஒரு மணி நேரம் பேசாம, அசையாம படுத்திருக்கணும். பேசுனா தொண்டையும் வெளிச்சமாயிரும்." ஒரு போர்வையை நீட்டினார்.

அத்தான் அதை இரண்டு விரலால் தூக்கி ஓரமாகப் போட்டார். "யார் யார் போர்த்துனதோ! எங்க வீட்ல அடுத்தவங்க போர்த்துன துணியைத் தொட மாட்டோம் தம்பி. அது போகட்டும், தனி அறைன்னுட்டு ஏ.சி.யை இப்படியா வச்சிருக்கிய? வெந்து போயிரும்லா."

"கொஞ்சம் கதகதப்பா இருக்கணும் சார்."

"நான் சார்பதிவாளர் நெல்லையப்பன். உங்க மேனேஜர்கிட்ட பேசட்டுமா?"

ஓய்வுபெற்ற என்ற சொல்லை அவர் எப்போதும் விழுங்கிவிடுவார். மைதீன் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போன நேரத்தில், அத்தான் ஏ.சி.யைப் பதினாறில் வைத்தார். வைத்துவிட்டு வெளியே போனார். ரிமோட்டும் அவரோடு போனது.

பேசக்கூடாது, அசையக்கூடாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் போடுகிற அதே உத்தரவு. மீறினால் படம் கெட்டுவிடுமே என்று பல் தந்தியடிக்க அடிக்கக் கிடந்தேன். கதவுக் கண்ணாடி வழியாக அத்தான் எட்டிப் பார்த்து, சௌகரியமா என்று கையால் கேட்டார். தலையை ஆட்டக்கூடாது என்பதால் வெறுமனே பார்த்தேன். திருப்தியாகப் போய்விட்டார்.

படம் எடுத்து முடித்ததும் டாக்டர் பத்மப்ரியா எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். திரையில் என் உடம்பு. அக்குளில் வெளிச்சம். கழுத்தின் இரண்டு பக்கமும், தோளுக்கு மேலேயும் சொக்கப்பனை கொளுத்தியதுபோல் வெளிச்சம்.

"பரவிட்டா?" என்று கேட்டார் சுந்தர். அண்ணன் இருக்கும் இடத்தில் அவர் முதலில் வாய் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பொறுங்க அண்ணே" என்று அவரிடம் சொல்லிவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, படுத்திருந்தப்ப குளிருச்சா?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் தன் சட்டைப் பையைப் பார்த்தார். ரிமோட் அங்கேயே இருந்தது.

"குளிரெடுத்தா உடம்பு ஒரு வகைக் கொழுப்பை எரிச்சுத் தன்னைச் சூடாக்கிக்கிடும்" என்றார் டாக்டர். "கழுத்துலயும் தோள்லயும் அது உண்டு. அதுவும் சர்க்கரையை இழுக்கும். இந்த வெளிச்சம் அநேகமா அதுதான். ஆனா இதுக்குள்ள ஒரு சின்ன நெறி ஒளிஞ்சிருந்தா எனக்குத் தெரியாது. தெரியாம நான் எழுத மாட்டேன். இன்னொரு தடவை எடுக்கணும். வீட்ல இருந்தே உடம்பைச் சூடா வச்சுக் கூட்டிட்டு வாங்க."

'அநேகமா' என்ற சொல்லோடு அந்த வாரம் முழுக்கக் குடித்தனம் நடத்தினேன். சோறு வடிக்கும்போதும் ஒரு கை கழுத்திலேயே கிடந்தது. சித்தி குழுவில், "கும்பாபிஷேகம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டிருந்தாள். அத்தான் பதில் போடவில்லை. அவர் பதில் போடாத ஒரு செய்தி அந்தக் குழுவில் அதுவரை கிடையாது.

ஒருநாள் அவரே வந்தார். கையில் ஒரு கம்பளி, ஒரு குரங்குக் குல்லா. காசிக்குப் போனபோது வாங்கியதாம். பாச்சை உருண்டை வாசம் தூக்கியடித்தது.

"யாரும் போர்த்தாதது" என்றார். கம்பளியை என் கையில் கொடுத்தார். "கழுத்துல ஏதும் தட்டுப்படுதா சங்கரி?"

"இல்லை அத்தான்."

"பையத் தடவிப் பாத்தியா?"

"அதுதான் எனக்கு இப்போ வேலையே."

அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியதை மறைக்கக் குல்லாவை உதறினார். அதிலிருந்து ஒரு பாச்சை உருண்டை விழுந்து அடுப்படி வரைக்கும் உருண்டோடியது.

மறுபடி பயணம். கம்பளிக்குள் நான், தலையில் குரங்குக் குல்லா, காலில் உறை. இந்தத் தடவை நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தன. பத்தமடையில் வேகத்தடைக்காகக் கார் மெதுவானபோது டீக்கடையில் நின்றவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அத்தானுக்கு வேர்வை தாடையிலிருந்து சொட்டியது.

"உனக்காவத்தான் ஏ.சி.யை அணைச்சிட்டேன். எனக்கு ஏ.சி. இல்லன்னா கண்ணைக் கட்டிரும். இருந்தாலும் குடும்பம்னா ஒரு தியாகம் வேணும்லா. என்னலே சுந்தர்?"

சுந்தர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

மைதீன் எங்களைக் கண்டதும், "இன்னைக்கு ரிமோட்டை நான் பூட்டி வச்சிட்டேன் அண்ணாச்சி" என்றார்.

"நல்லது வே" என்றார் அத்தான், சின்னக் குரலில்.

போர்வை வந்தது. அதே போர்வை, யார் யாரோ போர்த்தியது. ஊசி போடும் முன்பு அத்தானே அதை வாங்கி என் கால்களைச் சுற்றிவிட்டார். நுனியைப் பாதத்துக்கு அடியில் செருகினார். தம்பி மனைவியின் காலைத் தொட்டோம் என்று அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் கூச்சமாக இல்லை. வேர்த்து வழிய, பேசாமல் அசையாமல் சுகமாகக் கிடந்தேன்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கழுத்து இருட்டாக இருந்தது. தோள் இருட்டாக இருந்தது. அத்தனை அழகான இருட்டை நான் பார்த்ததில்லை. மார்புக் கட்டியைத் தவிர, அக்குளில் மட்டும் பொட்டு மாதிரி ஒரு வெளிச்சம்.

"ஒண்ணே ஒண்ணுதான் அக்கா. கழுத்துல ஒண்ணும் இல்லை. ஆபரேஷனுக்கு நாள் பாக்கச் சொல்லுங்க."

சுந்தர் என் குல்லாவைக் கழற்றிவிட்டார். தலையெல்லாம் நனைந்திருந்தது, தன் கைக்குட்டையால் துடைத்தார், டாக்டர் முன்னாலேயே. அத்தான் வராந்தாவுக்குப் போய் முகத்தைத் துண்டால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்வைதான் என்று வைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. மருந்தும் ஏறிக்கொண்டிருக்கிறது. முடி போய்விட்டதால் குரங்குக் குல்லா இப்போதும் பயன்படுகிறது. தெரியாததை எழுத மாட்டேன் என்ற டாக்டருக்கும், ரிமோட்டைப் பூட்டிய மைதீனுக்கும் தினமும் விளக்கேற்றும்போது ஒரு கும்பிடு போடுகிறேன். மூன்றாவது கும்பிடு அத்தானுக்கு. வீம்பு பிடித்து என்னை அந்த மிஷினில் படுக்க வைத்தவர் அவர்தானே.

போன வாரம் அத்தான் குழுவுக்குத் திரும்பிவிட்டார். கத்திரி வெயிலில், கொளுத்தும் காரில், தம்பி மனைவிக்காகத் தாம் ஏ.சி.யைத் துறந்த வரலாற்றை நீளமாக எழுதியிருந்தார். வாழ்த்துகள் குவிந்தன. "கும்பாபிஷேகத்துக்கு இப்படி ஒருத்தர் முன்னால நிக்கணும்" என்று சித்தி எழுதியிருந்தாள். நானும் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டேன், மனசாரத்தான். சுந்தரும் போட்டார்.

அந்தக் காரில் ரெண்டு வருஷமாக ஏ.சி. வேலை செய்யவில்லை.