டி டிரைவில் இருந்த குரல்

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, வயரைச் செருகி, லோகேஸ்வரன் காதைச் சாய்த்தான். ஒரு சொடுக்கு. கொஞ்சம் அமைதி. மறுபடியும் சொடுக்கு. குருண் ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்ட இத்தனை வருடங்களில் இந்தச் சத்தத்தோடு எத்தனையோ டிஸ்க்குகள் வந்துவிட்டன. உரியவர்களிடம் அதைச் சொல்வதுதான் இன்னும் பழகவில்லை. இந்த டிஸ்க்குக்கு உரிய யோகேஸ்வரி கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். வேர்வையில் ஊறிய விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்றாள்.

"ரோசாக் ஆயிருச்சா தம்பி, கெட்டே போச்சா?"

"டிஸ்க்கே போச்சுக்கா. புதுசு போட்டு விண்டோஸ் ஏத்திடலாம். பழைய பைல் வருமான்னு சொல்ல முடியாது."

"அதுக்கென்ன, எல்லாம் டி-யிலதான இருக்கு. போன தடவ பார்மெட் பண்ணப்ப நீதான லா சொன்ன, சி-தான் அழியும், டி-யில போட்டா பத்திரம்னு."

சொன்னான்தான். புக்கிட் செலம்பாவிலிருந்து பெண்டாங் வரை, கம்ப்யூட்டர் கொண்டுவந்த எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். டிஸ்க்கை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது அவன் வழக்கம். வைரஸ் வந்தால் சி-யை மட்டும் அழித்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே தகட்டில்தான் இருக்கின்றன என்பதை யாருக்கும் விளக்கியதில்லை, யாரும் கேட்டதில்லை. இப்போது அவளுக்கு விளக்கினான். தோட்டத்து லயத்தில் நடுவில் பலகை அடித்து இரண்டு வீடாக்கியிருப்பார்களே, கூரை ஒன்றுதானே என்றான். அவள் விரலால் மேசை ஓரத்தைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் குரல் அதுலதான் இருக்கு" என்றாள்.

அவள் கணவர் பரஞ்சோதியை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. பகலில் லாரி ஓட்டுவார், வார இறுதியில் கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துவார். லோகேஸ்வரன் கல்யாணத்திலும் அவர்தான். மாப்பிள்ளைக்கு எல்லாம் ரிப்பேர் பண்ணத் தெரியும், பெண்ணின் கோபத்தைத் தவிர என்று அவர் சொன்னதற்கு மண்டபமே சிரித்தது. போன வருடம் தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை வழியாக மூச்சு. பேசினால் உதடு மட்டும் அசையும்.

"வீட்டுல ஒத்திகை பாத்து ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தாரு. சமைக்கிறப்ப தினம் போட்டு விடுவேன். ஊருக்கே மைக் புடிச்ச மனுசன், இப்ப வீட்டுல ஈ பறந்தாக்கூட கேக்குது தம்பி. எப்படியாச்சும் எடுத்துக் குடு. நாளைக்கு வேல முடிஞ்சி வரேன்."

மறுநாள் மதியம் டிஸ்க் மனமிறங்கியது போல் டி-யைக் காட்டியது. லோகேஸ்வரன் ஒவ்வொரு பைலாகத் தன் கம்ப்யூட்டருக்கு நகலெடுக்க விட்டான். சில பைல்களில் நெடுநேரம் நின்றது. எந்த நிமிடமும் மொத்தமாக நின்றுபோகும் என்று தெரிந்ததால் சாப்பிடக்கூட எழவில்லை. அப்போதுதான் பரஞ்சோதி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. முன்பு சட்டையை முட்டிய வயிறு காணாமல் போயிருந்தது.

"வாங்கண்ணே. வருது. இத பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினான்.

பரஞ்சோதி பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டி, அவன் பக்கம் நகர்த்தினார்.

'நிறுத்திடு தம்பி. போச்சுன்னு சொல்லிடு.'

லோகேஸ்வரன் இரண்டு முறை படித்தான். "அக்கா நேத்து நின்ன நெலமைய நீங்க பாக்கல."

அவர் மறுபடியும் தட்டினார். இந்தத் தடவை நேரமெடுத்தது.

'தினம் போடுறா. நான் அங்கனதான் உக்காந்திருக்கேன். பொட்டியில இருக்கிறவன் ஜோக் அடிச்சா சிரிக்கிறா. நான் வாயசச்சா, எழுதிக் காட்டுங்க, வேல கெடக்குங்கிறா.'

"இத அவங்ககிட்டயே காட்டலாமேண்ணே."

அவர் தலையை ஆட்டினார். சம்மதமா மறுப்பா என்று தெரியவில்லை. லோகேஸ்வரன் சுட்டியைக் கையில் எடுத்தான். ஒரு அழுத்தில் நிறுத்திவிடலாம். டிஸ்க்கே செத்துவிட்டது என்றால் அவள் நம்புவாள், அவன் சொன்ன எல்லாவற்றையும் நம்பியவள்தானே. அந்த நினைப்பே அவனுக்கு உறுத்தலாக இருந்தது. சுட்டியை வைத்துவிட்டான்.

யோகேஸ்வரி வந்தபோது பாதிக்கு மேல் ஆகியிருந்தது. கணவரைப் பார்த்ததும், "நீங்க எங்க இங்க?" என்றாள். பிறகு இவனிடம், "வந்துச்சா தம்பி?"

லோகேஸ்வரன் பரஞ்சோதியைப் பார்த்தான். கைப்பேசி மேசை மேல், எழுத்துகள் தெரிய, கிடந்தது. அவர் நினைத்திருந்தால் எடுத்துப் பையில் போட்டிருக்கலாம். எடுக்கவில்லை. அவள் குனிந்து படித்தாள். படித்து முடித்த பிறகும் குனிந்தே இருந்தாள்.

"அந்தச் சத்தம் இல்லாட்டி நான் எப்படி அடுப்புக்கிட்ட நிக்கிறது?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. அவர் உதடு அசைந்தது. அவள் பழக்கத்தில் கைப்பேசியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதைத் திரும்ப அவளிடமே தள்ளினார்.

"நிறுத்தவா, விடவாக்கா?" என்று லோகேஸ்வரன் கேட்டான்.

அவள் காதில் வாங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, முழங்கால் இடிக்கிற தூரத்தில் அவருக்கு எதிராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவா சொல்லுங்க. எனக்குப் புரியல."

அவள் அவர் உதட்டையே பார்க்க, அவர் சொல்ல ஆரம்பித்தார். வெளியே பெரிய சாலையில் மணல் லாரி ஒன்று ஏறி வந்தது. லாரி போகும்போது கடையில் யாராக இருந்தாலும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது, மேசையிலிருந்த திருகாணிகள் நடுங்கின. பரஞ்சோதி நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார்.