அன்னியச் செலாவணிக் கிணறு

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே மாயக்காளின் கிணறு மழைக்குக் கட்டுப்பட்டதில்லை. பம்பாயிலுள்ள மத்திய வங்கியின் அன்னியச் செலாவணிக் கையிருப்புக்குத்தான் கட்டுப்பட்டது. ஐம்பத்தேழில் ஐப்பசி அடைமழை கொட்டித் தீர்த்தபோதும் அந்தக் கிணறு மட்டும் வாரத்துக்கு ஒரு படி இறங்கிக்கொண்டே போனது. வாராவாரம் பத்திரிகையில் வங்கிக் கணக்கைப் படிக்கும் பவுல்ராஜ் வாத்தியார்தான் இரண்டையும் ஒத்துப் பார்த்துச் சொன்னார். ஊரும் சரியென்றது. கிணறென்றால் எதற்காவது கட்டுப்பட வேண்டியதுதானே!

மாயக்காளுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை. புருசன் சுருளிவேல் இருமி இருமி ரத்தம் கக்கிக்கொண்டிருந்தான். அதற்கான ஊசி மருந்து சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். செலாவணி இல்லையென்று இறக்குமதியைக் குறைத்துவிட்டார்கள். திண்டுக்கல் மருந்துக்கடைகள் கையை விரித்துவிட்டன.

“கெணறு ஏறுனா மருந்து வந்துருமா வாத்தியாரய்யா?” என்று கேட்டாள்.

“வரும் தாயி. ஏறணுமே!”

கிணறு வெட்டும்போது ஊற்றுக்கண் திறக்கப் பொன் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வெட்டி முடித்த கிணற்றுக்கும் அது செல்லுமென்று நினைத்துவிட்டாள் அந்த அப்பாவி. அவளிடமிருந்த பொன் ஒன்றே ஒன்றுதான். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தாலியைக் கிணற்றில் போட்டாள். “அடி கிறுக்கச்சி, எனக்காகவா கழட்டுன?” என்று சிரிக்கப் போன சுருளிவேலுக்கு இருமல்தான் வந்தது.

தண்ணீர் ஒரு படி ஏறத்தான் செய்தது. அந்த வாரம் கையிருப்பும் கொஞ்சம் ஏறியதாக வாத்தியார் படித்தார். கப்பலும் கிளம்பியது. ஆனால் கப்பல் கப்பல் வேகத்தில்தானே வரும். வாத்தியார் மருந்தோடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது சுருளிவேலுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது. அறுப்பதற்கு மாயக்காள் கழுத்தில் மஞ்சள் கிழங்குதான் இருந்தது. தாலியைக் கழற்றித்தான் புருசனை வாரிக்கொடுத்தாள் என்று ஊர் வாய் கூசாமல் பேசியது. மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும், அதே இருமலில் கிடந்த கீழத்தெரு மூக்கையாவுக்கு மருந்தைக் கொடுத்தனுப்பினாள். அவன் பிழைத்துக்கொண்டான்.

அறுபத்தாறில் ரூபாயின் மதிப்பைக் குறைத்த நாளிலிருந்து, நிறைய மொண்ட குடம் வீடு வந்து சேர்வதற்குள் முக்கால்கூட இல்லாமல் குறைந்தது. குடத்தில் ஓட்டையுமில்லை, வழியில் சிந்தவுமில்லை. அந்த வருசமே கிணறு அடிமட்டத்துக்கு இறங்க, பாறையிடுக்கில் தாலி மின்னியது. மூக்கையா ஓடிவந்தான்.

“அக்கா, எறங்கி எடுத்தாரவா?”

மாயக்காள் குனிந்து பார்த்தாள்.

“வேணாம்ப்பா. அத எடுத்தா இம்புட்டுத் தண்ணியும் போயிரும். எவ புருசன் எங்க இருமிக்கிட்டுக் கெடக்கானோ.”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். வீட்டுப் பானை நிறையவில்லை. இன்னொரு நடை வந்தாள்.