பின்கழுத்து

எண்பத்து நாலாம் வருஷக் கோடையில் போட்டோக்காரர் ராபர்ட்டுக்கு மனித முகத்தைப் பார்த்தாலே குமட்டியது.

ராஜபாளையத்தில் ஒரு பிறந்தநாள். ஒரு வயதுப் பையனுக்குக் கோட்டும் டையும் மாட்டியிருந்தார்கள். வெக்கையில் பிள்ளை வீறிட்டது. வாயை மூடக் கேக்கைத் திணித்தார்கள். பிள்ளை கக்கியது. கோட்டில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, "இப்போ எடுங்க அண்ணாச்சி, ஓஞ்சிட்டான்" என்றார் தகப்பனார். எடுத்தார்.

மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு குடும்பப் படம். கருத்த மருமகளை வரிசையின் கடைசியில் நிறுத்தினார்கள். எல்லோரும் நின்று முடித்த பிறகு மாமியார் ராபர்ட்டின் காதருகே வந்தாள். "சட்டம் போடும்போது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கிடலாம்லா?" வெட்டிக்கொள்ளலாம் என்றார். அந்த மருமகள் கேமராவைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள்.

கல்யாணப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கருப்பு வெள்ளைப் பிலிமில் எடுக்கும்போதும் "பிள்ளை நல்ல கலரா வரணும்" என்பார்கள். பெண்ணை வைத்துக்கொண்டே சொல்வார்கள்.

கலராக வர வைப்பது அவர் மனைவி இன்பத்தின் வேலை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ. உள்ளறை ஜன்னலோரம் ஒரு சாய்வு மேஜை. அதில் நெகட்டிவை வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு நிரப்புவாள். மரு, அம்மைத்தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, எல்லாம் நெகட்டிவில் வெளிறிய பொட்டாகத்தான் தெரியும். பென்சில் பட்டால் படத்தில் இருக்காது. யாரும் கேட்பதற்கு முன்பே செய்துவிடுவாள். இருபது வருஷப் பழக்கம்.

"பெத்தவளே வந்து, யார் வீட்டுப் பிள்ளைன்னு கேக்கணும். அப்பதான் திருப்தியாப் போவாக" என்பாள்.

செல்லக்கனியின் வளைகாப்பு அந்த வைகாசியில் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை வைத்திருந்த ஐயாதுரையின் மகள் அவள். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய படத்தை ராபர்ட்தான் எடுத்திருந்தார். கன்னத்துத் தழும்பை இன்பம் நிரப்பியிருந்தாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தறிக்கூடக்காரர் வீட்டில் அந்தப் படம் பிடித்துப்போயிற்று. மூத்த மகன் சௌந்தரபாண்டியனுக்குக் கட்டி வைத்தார்கள். கல்யாணத்தையும் ராபர்ட்தான் எடுத்தார். அதன் பிறகு அந்த வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் ராஜபாளையத்துக் காரியங்கள் பாதி அவருக்கு வந்தன.

வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. சாப்பாடு முடிந்ததும் தாயார் தங்கபாய் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. வளையலும் பட்டும் தாய்மாமன் சோலைச்சாமி பம்பாயிலிருந்து அனுப்பியிருந்தார். அவர் வர முடியவில்லை. படத்தின் முதல் காப்பி வளையல் போட்டவருக்குப் போக வேண்டும். அது முறை. வெளியூர்க் காப்பிகளை அட்டை வைத்துக் கட்டி ஸ்டூடியோவே தபாலில் சேர்த்துவிடும்.

பூச்சடைக்கென்று தனியாக ஒரு படம் உண்டு. பீரோக் கண்ணாடிக்கு முதுகு காட்டிப் பெண்ணை உட்கார வைக்க வேண்டும். முகம் நேராக விழும், சடை கண்ணாடியில் விழும். செல்லக்கனி உட்கார்ந்தாள். தாழம்பூ வைத்துத் தைத்த சடை, அவள் கையை விடத் தடிமன். ராபர்ட் கேமராவுக்குள் குனிந்தார்.

"நிமிந்து உக்காரும்மா. அசையக் கூடாது."

அவர் விரல் அழுத்துகிற நேரத்தில் அவள் சடையைத் தூக்கித் தோள் வழியாக முன்னால் போட்டாள். பிளாஷ் வெட்டியது.

"ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு? எம்புட்டுப் பூவு, எம்புட்டு நேரம் தச்சிருக்கு. பின்னால போடுட்டி!" தங்கபாய் கத்தினாள்.

பெண்கள் சிரித்தார்கள். செல்லக்கனி சடையைப் பின்னால் விட்டாள். ராபர்ட் இன்னொன்று எடுத்தார். முதல் படத்தில் பின்கழுத்தில் ஏதோ புள்ளி புள்ளியாகத் தெரிந்தது அவர் நினைவில் இருந்தது. வேர்க்குரு என்று நினைத்துக்கொண்டார். கோடைகாலம்.

இன்பமும் அப்படித்தான் நினைத்திருப்பாள். இரண்டு நெகட்டிவையும் வாங்கி வேலையை முடித்து வைத்துவிட்டாள்.

படம் பார்க்கத் தாயும் மகளும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். எதிர்க்கடையில் ரவிக்கைத் துணி எடுத்துவிட்டு வருவதாகச் சொல்லித் தங்கபாய் தெருவைத் தாண்டினாள். அவள் தலை மறைந்ததும் செல்லக்கனி எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி, சடையை முன்னால போட்டது எங்க?"

"இருக்கு. அது எதுக்கு? சடையே விழலையே."

"காட்டுங்க."

கொடுத்தார். அவள் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண்ணாடியில் விழுந்திருந்த கழுத்தை விரலால் தடவினாள். மெழுகு போல இருந்தது கழுத்து.

"இதுல இருந்ததை என்ன பண்ணுனீக?"

"எதைம்மா?"

அவள் திரும்பி நின்றாள். கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். மயிர் முடிகிற இடத்திலிருந்து ரவிக்கை வரைக்கும் வட்ட வட்டமாகக் கருத்த வடு. எல்லாம் ஒரே அளவு. வரிசை பிடித்து வைத்தது போல இருந்தது. வேர்க்குரு வரிசையில் வராது.

உள்ளறை வாசலில் நின்ற இன்பம், "ஆண்டவரே" என்றாள்.

"சிகரெட்டு" என்றாள் செல்லக்கனி. குரலில் ஒன்றுமில்லை. "பம்பாய் மாமாவுக்கு எழுதினேன். பொறுத்துப் போ தாயி, எல்லா வீட்லயும் உள்ளதுதான்னு பதில் போட்டாவ. எழுத்துல வந்தா கோள் சொல்லுததா நெனைக்காவ. கண்ணால பாத்தா அப்படி நெனைக்க முடியாதுல்லா. அதான் சடையை எடுத்தேன்."

"உங்க அப்பாவுக்கு?"

"தெரியும். அம்மாதான் தேங்கா எண்ணெய் போட்டு விட்டா. பிள்ளை பொறந்ததும் திரும்பக் கொண்டு விட்டுருவாவ. மாமா ஒரு வார்த்தை சொன்னா அப்பா தட்ட மாட்டாவ. கடை வச்சுக் குடுத்ததே மாமாதான்." அவள் தெருவைப் பார்த்தாள். "அதைத் திரும்பக் கொண்டுவர ஏலுமா அண்ணாச்சி?"

ஏலும். வெறும் பென்சில்தான். டர்பன்டைனில் பஞ்சை நனைத்து ஒரு துடைப்பு துடைத்தால் போதும்.

"பாக்கேன்மா" என்றார் ராபர்ட்.

தங்கபாய் வந்துவிட்டாள். மகள் கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தாள். முதலில் முகம் சுளித்தாள். பிறகு கழுத்தைப் பார்த்தாள். சுளிப்பு போய்விட்டது.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு. நானே சொல்லணும்னு வந்தேன், நீங்களே செஞ்சு வச்சிட்டீக. எங்க அண்ணனுக்கு ரெண்டையும் அனுப்பிருங்க."

அவர்கள் போன பிறகு இன்பம் டர்பன்டைன் புட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இரு" என்றார் ராபர்ட். "ஆனியில ராஜபாளையத்து வீட்ல இளையவன் கல்யாணம்."

"அதுக்கு?"

அவர் கேமரா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"வளையல் மிச்சம் இருந்தா உங்களுக்கும் ரெண்டு வாங்கி வச்சிருக்கலாம்."

"வாயை மூடு."

"மூடிக்கிட்டேன். பேசுத ஆளு நீங்கதான, பேசுங்க."

புட்டி மேஜை மேலேயே இருந்தது. வழக்கமாக அவர் மூக்குக்கே தெரியாத வாடை அது. அன்று சோற்றிலும் அடித்தது.

ராஜபாளையத்து வீட்டுக் காப்பிகளை வாங்கிப்போகச் சௌந்தரபாண்டியனே வந்தான். மல் சட்டை, வாசனைப் பாக்கு. விரலிடுக்கில் சிகரெட். மரியாதைக்காரன், வாசலில் நின்று அதை மிதித்து அணைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவன் கண்ணாடிப் படத்தில் நின்றான். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான்.

"இது யாரு கை வேலை அண்ணாச்சி?"

"வீட்ல செய்யுதா."

"தங்கமான கை. ஒண்ணு இருந்த தடமே தெரியலையே." சிரித்தான். "நீங்க பொல்லாத ஆளு. நம்ம வீட்டுக்காரியத்துக்கு உங்களைத் தவிர யாரையும் கூப்பிடக் கூடாதுன்னு அப்பா சொல்லுதது சும்மா இல்ல."

ராபர்ட்டின் தோளில் கையைப் போட்டு ஒரு தட்டுத் தட்டினான். கூட்டாளியைத் தட்டுவது போல.

அந்தக் கையை ராபர்ட் உதறவில்லை. சிரிக்கக்கூடச் செய்தார். எப்படிச் சிரித்திருப்பார் என்று அவருக்கே தெரியும். அந்த மாதிரிச் சிரிப்பைத்தான் அவர் நாள்தோறும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவன் போனதும் சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தார். உள்ளறைக்குப் போய் அந்த நெகட்டிவை எடுத்தார். பஞ்சை நனைத்தார். பென்சில் கரி கரைந்து பஞ்சில் ஏறியது. கழுத்தில் வட்டங்கள் திறந்தன. கொல்லைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். இன்பம் அட்டையை அளவாக வெட்டி வைத்திருந்தாள். முகவரியையும் அவளே எழுதினாள்.

படம் பம்பாய்க்குப் போனது. கழுத்தில் என்ன புள்ளி என்று கேட்டு அங்கிருந்து தங்கபாய்க்குக் கடிதம் வந்ததாம். ஆனி பிறந்தது. இளையவன் கல்யாணத்துக்கு ராபர்ட்டை அழைக்கவில்லை. போட்டோக்காரன் பிலிமைக் கழுவத் தெரியாமல் கெடுத்துவிட்டான், பிள்ளையின் கழுத்தெல்லாம் புள்ளி என்று ராஜபாளையத்தில் பேச்சு. பேசியது யார் என்று அவர் விசாரிக்கவில்லை.

ஒரு காலை சோலைச்சாமி வந்தார். மதுரை பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். தோளில் பை. பின்னாலேயே தங்கபாய், மூச்சு வாங்க.

"எண்ணே, மொத வீட்டுக்கு வாங்க. காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் பொறவு வரலாம். இங்க என்ன வேலை?"

"வீட்டுக்கு வந்தா ஆளுக்கொண்ணு சொல்லுவிய. நீ செத்த சும்மா இரு." அவர் பையிலிருந்து படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "நீருதான் ராபர்ட்டா? என் தங்கச்சி காயிதம் போட்டிருக்கா. பிலிமைச் சரியாக் கழுவாம விட்டதுல புள்ளி விழுந்துட்டாம். மாப்பிள்ளை வீட்லயும் அதையேதான் சொல்லுதாகளாம். நீரு சொல்லும். இது பிலிம்ல விழுந்ததா, பிள்ளை மேல விழுந்ததா?"

தங்கபாய் ராபர்ட்டின் முகத்தைப் பார்த்தாள்.

"கழுவுததுல முன்ன பின்ன ஆகத்தான செய்யும் அண்ணாச்சி?" குரலைக் குழைத்தாள். "நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கல. மாப்பிள்ளை வீட்லயும் நான் சொல்லிக்கிடுதேன். அடுத்த காரியம் உங்களுக்குத்தான். கை தவறிட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் தொழிலின் மேல் பழியைப் போட்டு, அதை மன்னிக்கவும் தயாராக வந்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் ராஜபாளையம் திரும்ப வந்துவிடும். அவளுடைய முகம் அவருக்கு எந்த முகத்தை விடவும் அருவருப்பாக இருந்தது. அதில் கெஞ்சல் இருந்தது. பயமும் இருந்தது. தன் மகளுக்காகப் பயந்ததாகத் தெரியவில்லை.

"என் கை தவறல" என்றார் ராபர்ட். "பிள்ளை மேல விழுந்ததுதான்."

"பொய்!" என்றாள் தங்கபாய்.

சோலைச்சாமி இருவரையும் பார்த்தார். "நான் எப்படி நம்ப?"

"உள்ள வாங்க."

இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ராபர்ட் கழுத்தை மட்டும் பெரிதாக்கி முழுத்தாளில் ஒளி விட்டார். தாளை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினார். கருப்பானதுதான் முதலில் வரும். தலைமயிர் வந்தது. அடுத்து வட்டங்கள் வந்தன, தாளின் வெள்ளையில் தனியாக. அவற்றைச் சுற்றிக் கழுத்து மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

"பிலிம்ல விழுந்த கறைக்குள்ள ஒண்ணும் இருக்காது" என்றார். "இதுக்குள்ள பாருங்க."

வட்டத்துக்குள் தோலின் வரி ஓடியது. வட்டத்தின் ஓரம் தடித்துச் சுருங்கியிருந்தது. ஒரு வடுவில் பொருக்கு இன்னும் உதிரவில்லை.

சோலைச்சாமி குனிந்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்தார். அதையும் தட்டையும் பார்த்தார். மூலையிலிருந்த கழிவு வாளியில் பெட்டியைப் போட்டார்.

"இதைத்தான் பொறுத்துப் போன்னு எழுதினேன்" என்றார்.

அவர்கள் வெளியே வந்ததும் தங்கபாய் எழுந்தாள்.

"பிள்ளை இனிமே அங்க போகாது" என்றார் சோலைச்சாமி. "பெத்து எடுக்கட்டும். உன் வீட்ல இடம் இல்லைன்னா எங்கூட பம்பாய்க்கு வரட்டும்."

"ஊரு என்ன சொல்லும்ணே?"

"நீ என்னட்டி சொல்லுதே? அதை மொதல்ல சொல்லு."

அவள் ராபர்ட்டின் பக்கம் திரும்பினாள். "ஒரு பொட்டு பென்சில் வைக்கிறதுல உங்களுக்கு என்ன கேடு வந்துச்சு? ஒரு பொட்டு!"

"வச்சேன்க்கா" என்றாள் இன்பம் உள்ளிருந்து. "நாந்தான் வச்சேன். அந்தக் கையால இன்னும் சோறு திங்க முடியல."

சோலைச்சாமி படத்தைக் கேட்டார். காயவில்லை என்றார் ராபர்ட். அலசிக் காய வைக்கச் சாயங்காலமாகும்.

"போற வழியில காயட்டும். உரக்கடையில வச்சே மச்சான்கிட்ட காட்டணும்."

ஈரத்தாளை இரண்டு மூலையில் பிடித்து, முன்னால் நீட்டியபடி வெயிலில் இறங்கினார். கடைகள் திறக்கிற நேரம். பால்காரர்களும் தறிக்காரர்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தங்கபாய் ஓடிப்போய் முந்தானையை விரித்துப் படத்தின் மேல் போட்டாள். ஈரத்தில் சேலை ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பிய்த்து எடுத்துவிட்டு நடந்தார். அவள் திரும்பவும் போட்டாள்.