நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில்

வீட்டில் அவளுக்கு லிஸ்டு என்று பெயர். எதற்கெடுத்தாலும் நோட்டை எடுத்து எண் போட்டு எழுத உட்கார்ந்துவிடுவாள் என்பதற்காக அக்கா வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தக்கபடி ஃபிரேமை வளைத்துப் பொருத்தித் தருவாள். வாரம் மூன்று மாலை எழுத்து வகுப்பு. அந்த வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு நாவலை எழுதி, சொந்தமாகவே அச்சடித்தும்விட்டாள். புத்தகப் பெட்டிகள் ஐந்தும் அக்கா வீட்டுக் கூடத்தில், நடக்கிற வழியிலேயே இருந்தன. தினமும் காலையில் அத்தான் அதில் கால் கட்டைவிரலை இடித்துக்கொள்வார். “இலக்கியம் இவ்வளவு வலிக்கும்னு யாரும் சொல்லவே இல்லையேம்மா” என்பார், விரலைப் பிடித்தபடி.

புத்தகத்தை விற்க அவளிடம் பதினான்கு வழிகள் கொண்ட பட்டியல் இருந்தது. போனில் அறிவிப்புப் போட்டாள். பத்துப் பேருக்குப் பிடித்திருந்தது; ஒன்பது பேர் சொந்தக்காரர்கள், பத்தாவது அத்தானின் இன்னொரு நம்பர். எட்டாவது வழி அக்காவுடையது. அக்கா ஒரு சலவைக் கடையின் கவுண்டரில் இருந்தாள். நாவலின் ஒரு வரியை அச்சடித்த அட்டைகளை, தேய்த்து மடித்த ஒவ்வொரு சட்டைப் பையிலும் செருகிவிட்டாள். அந்த வரி: ‘மேலே வா, காத்திருக்கிறேன்.’ இரண்டாம் நாளே ஒரு அம்மாள் கணவரின் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், யார் அவள் என்று தெரிந்துகொள்ள. அக்கா அரை மணி நேரம் மன்றாடி, ஒரு பிரதியும் கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

“பாத்தியா, ஒண்ணு போச்சு,” என்றாள் அக்கா பெருமையாக.

“படிச்சாங்களா?”

“அடிக்காம விட்டாங்களேன்னு சந்தோஷப்படுடி.”

லிஸ்டுவை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான். புத்தகங்கள் போயின. ஆனால் யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. அக்கா மட்டும், “முடிவு பிரமாதம்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா சொல்வது கணக்கில் சேராது. அடுத்த வகுப்பு இரண்டாவது நாவலுக்கானது. விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். லிஸ்டு நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்: ‘உறவில்லாத ஒருவராவது கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் இல்லை. எழுத்தும் இல்லை.’ யாரும் கேட்காத நிபந்தனை. ஆனால் அவள் போட்ட நிபந்தனையை மீறி அவளுக்குப் பழக்கமில்லை.

பதினான்காவது வழியை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

படிக்கிற கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடையில் ஒரு அட்டை உண்டு. மேலே பெரிய எழுத்தில் தொடங்கி, கீழே வர வர எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். நிலக்கரி எப்படி உருவாகிறது என்ற பாடம் அதில் இருந்தது. படிக்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். லிஸ்டு அதே அளவில், அதே எழுத்துகளில், தன் நாவலின் முதல் பக்கத்தை அச்சிட்டு வைத்துவிட்டாள். ஒரு பெண் தனியாக லிஃப்டில் ஏறுகிறாள். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நிற்கிறது. விளக்கு அணைகிறது. அதோடு அட்டையில் கதை முடிந்தது.

இரண்டு வாரத்தில் எண்பது பேராவது படித்திருப்பார்கள். ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை. “ம், தெரியுது” என்று சொல்லி எழுந்து போனார்கள்.

ஒரு லிஃப்ட் மெக்கானிக் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். ஐம்பது தாண்டியவர், விரல் இடுக்கில் கிரீஸ். முதல் தடவை, “மூக்குல அழுத்துதும்மா, அந்த அட்டையைக் குடுங்க” என்றார். அடுத்த தடவை, “கடைசி வரி தெரியல.” முதலாளி பவரை மறுபடி சோதித்து, லென்ஸையே மாற்றிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை மெக்கானிக் மூன்றாம் முறையாக வந்து நின்றார்.

“கடைசி வரி இன்னும் தெரியலைங்க.”

முதலாளிக்குக் கோபம் மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. லிஸ்டுவைப் பார்த்து, “நீ சரியாப் பொருத்துனியா இல்லையா?” என்றார். பிறகு மெக்கானிக்கிடம், “இப்ப என் முன்னாடி படிங்க, சார்.”

மெக்கானிக் அட்டையைப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். பாதியில் கண்ணாடியில் ஏதோ தூசி. கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே படித்தார். நிறுத்தவில்லை.

“சார்,” என்றார் முதலாளி மெதுவாக. “கண்ணாடி உங்க கையில இருக்கு.”

மெக்கானிக் கையைப் பார்த்தார். அவர் காது சிவந்தது. “அது... மனப்பாடம் ஆயிடுச்சுங்க. முப்பது வருஷமா ஆளுங்கள லிஃப்டுலேருந்து வெளிய எடுக்கிறவன் நான். அந்தம்மா ரெண்டு வாரமா இருட்டுல நிக்கிறாங்க. எப்படி வெளிய வந்தாங்கன்னு அந்தக் கடைசி வரியிலதானே இருக்கும்? அது மட்டும் தெரிய மாட்டேங்குது.”

முதலாளி அட்டையை வாங்கினார். நிலக்கரியைத் தேடினார். பிறகு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, எறும்புக்கால் போல் கிடந்த அடிவரியைப் படித்தார். “முழு நாவல் வேண்டுவோர் கவுண்டரில் கேட்கவும்.” அதற்குப் பக்கத்தில், இன்னும் சிறிதாக, நாவலின் பெயர். அதற்கும் பக்கத்தில் லிஸ்டுவின் பெயர்.

“இதை எந்தக் கண்ணால படிக்கிறதும்மா? விளம்பரத்தை ஒளிச்சு வெக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறேன்.”

“பெருசாப் போட வெக்கமா இருந்துச்சு சார்.”

“அதுக்காக நான் ஒரு நல்ல லென்ஸைத் தூக்கிப் போட்டேனே! கண்ணு பாக்கிற இடமா, கதை சொல்ற இடமா இது? நாளைலேருந்து நிலக்கரி இங்க இருக்கணும்.” அட்டையைப் பிடுங்கித் தன் மேஜை டிராயரில் போட்டு மூடினார். கிழிக்கவில்லை என்பதை லிஸ்டு கவனித்தாள். வேலையும் போகவில்லை. பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்தாள். அவர் அங்கேயே நின்று இரண்டாம் பக்கத்தைத் திறந்து, படித்தபடியே வெளியே போய், கதவில் முட்டிக்கொண்டார்.

புதன் போனது. வியாழன் போனது. வெள்ளிக்கிழமை மாலை, விண்ணப்பத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் ஃபிரேம்களைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு வகுப்பு அலுவலகம் மூடிவிடும். ஐந்தே கால் இருக்கும், மெக்கானிக் வந்தார். புத்தகத்திலிருந்து காகிதத் துண்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. முகம் நன்றாக இல்லை.

“முப்பத்தொண்ணாம் பக்கம். கூரை மூடியைத் திறந்து அந்தம்மாவை மேல ஏத்துறீங்க. தப்பு. அந்த மூடியை உள்ள இருக்கிறவங்க தொடவே கூடாது. உள்ளேயே இருக்கிறதுதான் பத்திரம். எழுபதாம் பக்கம், கேபிள் ஒண்ணு அறுந்து லிஃப்ட் கீழ போகுது. அப்படியெல்லாம் போகாதும்மா, மத்த கேபிள் தாங்கும்.” துண்டு துண்டாக எடுத்துக்கொண்டே போனார். அவள் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். கடைசித் துண்டு இருநூற்றெட்டாம் பக்கத்தில் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டார்.

நாவல் இருநூற்றுப் பதினான்கு பக்கம்.

“அதுக்கப்புறம்?” என்றாள். “கடைசி ஆறு பக்கம்...?”

“அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. லிஃப்டே வரலையே.”

அவள் நோட்டை மூடினாள். ஆறு பக்கம். இவ்வளவு தூரம் வந்து ஆறு பக்கம். “அப்போ படிக்கலையா சார்?”

“படிக்காமத்தான் லிஃப்ட் வரலைன்னு சொல்றேனா?” என்றார் அவர் சிடுசிடுப்பாக. பிறகு தலையைக் குனிந்து புத்தகத்தின் முனையைத் தடவினார். “முட்டி வலியோட அஞ்சு மாடியும் படியேறிப் போறாங்க, பாவம். பயத்துல. ஏம்மா, ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து சரி பண்ணியிருக்க மாட்டேனா?”

முதலாளி, தலையைத் தூக்காமலே, “சீக்கிரம் போறதா இருந்தா போம்மா” என்றார்.

அவள் வகுப்பு அலுவலகத்துக்கு ஓடிக்கொண்டே அக்காவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா! லிஃப்ட் மூடியைத் திறக்கவே கூடாதாம்!”

“ஐயையோ, எங்கடி மாட்டிக்கிட்ட?”

“நான் மாட்டல. ஒருத்தர் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டாருக்கா. சொந்தம் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் படியேறுற இடத்துக்கு வருத்தப்படுறார்.”

மறுமுனையில் இஸ்திரிப் பெட்டியை டக்கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா?”

“படியேறியா போறா?” என்றாள் அக்கா. “அடியே, ஏண்டி முடிவைச் சொன்ன? நான் இன்னும் பத்தொன்பதாம் பக்கத்துலதான் இருக்கேன்.”