மண்ணுக்குள் தாட்ட தணல்

ஹெரன் புல்வெளி எதனால் எரிந்தது என்று தெரிந்தவர் லண்டனில் ஒரே ஒருவர்தான். அந்த மனிதர் இப்போது தேவாலய மண்டபத்தின் மூன்றாவது வரிசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

பெயர் கனகலிங்கம். வயது அறுபத்து மூன்று. கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸில் முப்பது வருட வாசம்.

"ரோல்ஸ் எடு," என்றார் பக்கத்தில் இருந்த யாக்கோப்பு. "அருள்மலர் பொரிச்சது. நீ எடுக்காட்டி உன்ரையும் நான்தான்."

"பசிக்கேல்லை."

"உனக்கோ? அப்ப டொக்டரிட்டைப் போ."

கனகலிங்கம் சிரிக்கவில்லை. அவருடைய கண் சுவரில் தொங்கிய வரைபடத்திலேயே நின்றது. நடுவில் புல்வெளி. வடக்கே பெருந்தெரு. தெற்கே வரிசையாக முப்பத்தொரு வீடுகளின் பின்வளவுகள். தெருவோரமாக ஒரு தடித்த சிவப்புக் கோடு.

பிழையான கோடு. அது அவருக்கு மட்டும் தெரியும்.

2025 மே மாதம், சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி. ஆறு கிழமையாக மழை இல்லை. தீயணைப்புப் படை, கவுன்சிலின் பூங்காப் பிரிவு, தோட்டச் சங்கம், கோயில், தேவாலயம், யாக்கோப்பு தலைவராக இருக்கும் ஊர் ஒன்றியம் என்று ஆறு தரப்பும் ஒரே மண்டபத்தில் கூடியிருந்தன. கோடைக்கு முன்னர் புல்லை எங்கே வெட்டி நெருப்புக்குத் தடை போடுவது என்று இன்று முடிவெடுக்க வேண்டும்.

கூட்டத்தை நடத்தியவள் மேனுஷா. தீயணைப்புப் படையின் சமூகப் பாதுகாப்பு அதிகாரி. ஆங்கிலத்தில் சொன்னதையே திரும்பி முன்வரிசைகளுக்குத் தமிழிலும் சொன்னாள்.

"வெட்டுற மெஷின் எங்களுக்கு ரெண்டு நாள்தான் கிடைக்கும், அங்கிள்மார், அன்ரிமார். அதாலை ஒரு பக்கம்தான் வெட்டேலும். போன முறை நெருப்பு தெருப் பக்கத்தாலை வந்தது எண்டு நினைக்கிறம். ஆரோ காருக்குள்ளை இருந்து சிகரெட் எறிஞ்சிருக்கலாம். அதாலை தெருவோரம் பன்னிரண்டு மீட்டர் அகலத்துக்கு வெட்டுவம். சரியெண்டால் கை உயர்த்துங்கோ. பதினைஞ்சு நிமிஷம் யோசிக்கலாம்."

பதினைந்து நிமிடம்.

கனகலிங்கம் கோப்பையைக் காலடியில் வைத்தார்.

மேனுஷாவை அவளுடைய நாலு வயதில் இருந்தே அவருக்குத் தெரியும். சாக்கு ஓட்டத்தில் விழுந்து, பல் உடைந்து, உடைந்த பல்லைக் கையில் பொத்திக்கொண்டு ஓடி முடித்தவள். இதே ஹெரன் புல்வெளியில்தான். ஊர்க்காரரின் முதலாவது ஒன்றுகூடலில்.

அது 1997. வந்தவர்கள் பதினொரு பேர். ஒருவருக்கும் விசா முடிவாகவில்லை. பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, நித்திரை கொள்ளாமல் நேரே வந்தவர்கள் பாதிப் பேர். பாபகியூ அடுப்பு வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. யாக்கோப்பு எங்கிருந்தோ சில்லு கழன்ற ஒரு சுப்பர்மார்க்கெற் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அதைச் சரித்துப் போட்டு, கீழே கரி கொளுத்தி, மேலே கோழிக்காலை அடுக்கினார்கள். ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் இரத்தம் வடிந்த கோழி. அதற்குப் பிறகு அப்படி ருசியான கோழியை அவர் சாப்பிட்டதே இல்லை.

அந்தப் பதினொரு பேரில் ஒருவனான எட்வேட் அப்போதுதான் வீடியோ கமெரா வாங்கியிருந்தான். தோளில் வைத்தால் ஒரு சின்னச் சுறாவைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொருவராக முன்னால் நிறுத்துவான். "டேய், சும்மா நிக்காதை, அம்மாவுக்குக் கை காட்டு!" கை காட்டுவார்கள். பிறகு ஒன்றும் பேச வராது. அந்தக் கசெட்டைப் பிரதி எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். போர் நிலைமையைப் பொறுத்து மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து அது போய்ச் சேரும்.

ஒவ்வொரு வருடமும் ஒரு கசெட். பிறகு டிஸ்க். பதினொரு பேர் நானூறு பேர் ஆனார்கள். கட்டாரில் இருந்து வந்த தேவராசா முதல்முறையாகத் தன் மகளைக் கண்டது அதில் இருந்தது. வேட்டியோடு கயிறு இழுத்து விழுந்த மாஸ்டர் இருந்தார். இப்போது அந்த மாஸ்டர் இல்லை. எட்வேட்டும் இல்லை; கொரோனா கொண்டுபோய்விட்டது.

கசெட்டுகள் மட்டும் எட்வேட்டின் பின்வளவு ஷெட்டில், பெட்டி பெட்டியாக, திகதி எழுதி அடுக்கியபடி இருந்தன. அவன் மனைவி அருள்மலர் அவற்றைக் கணினியில் ஏற்றக் கொடுப்பதற்காகத் துடைத்து வைத்திருந்தாள்.

2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. எட்வேட் இல்லாத முதல் ஒன்றுகூடல். வெயில் என்றால் வெயில். நிழல் வேண்டும் என்று அடுப்பைத் தெற்குப் பக்கத்து முட்பற்றைக்கு அருகில் வைத்தார்கள். பின்னேரம் மிஞ்சிய தணலைக் கனகலிங்கம்தான் கிடங்கு வெட்டி மண்ணுக்குள் தாட்டார். ஊரில் எல்லோரும் செய்வதுதான். மணலைப் போட்டு மூடினால் நெருப்பு செத்துவிடும்.

ஆனால் அது ஊர் மணல் இல்லை. சருகும் வேரும் சேர்ந்து காய்ந்த மண்.

திங்கள் பின்னேரம் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பக்கம் நடந்தார். பற்றைக்குக் கீழே மண்ணில் இருந்து நூல் மாதிரி ஒரு புகை. கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை ஊற்றினார். உஸ் என்றது. நின்றது. பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை லண்டனில் நாற்பது பாகை வெப்பம். நகரத்தில் பல இடங்களில் நெருப்பு. ஹெரன் புல்வெளி முழுவதும் எரிந்து, ஏழு வேலிகளையும் ஒரு ஷெட்டையும் தின்றது. எங்கே தொடங்கியது என்று ஆராய அன்றைக்கு ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

கசெட்டுகளின் சாம்பலுக்கு முன்னால் அருள்மலர் நின்றாள். "எந்த நாய் சிகரெட்டை எறிஞ்சுதோ, கனகண்ணை."

அவர் தலையாட்டி "ஓம்" என்றார்.

அந்த ஒரு "ஓம்" மூன்று வருடமாகத் திருத்தப்படாமல் நிற்கிறது.

"நேரமாச்சு," என்றாள் மேனுஷா. "தெருவோரம் வெட்டுறதுக்குச் சம்மதமான ஆக்கள் கை உயர்த்துங்கோ."

கைகள் எழுந்தன. பத்து, இருபது. யாக்கோப்பு ரோல்ஸ் இருந்த கையையே உயர்த்தினார். தேத்தண்ணி மேசைக்குப் பின்னால் அருள்மலரும் உயர்த்தினாள். இந்தக் கோடையும் அவள் வேலிக்கு முன்னால் முழங்கால் உயரப் புல்லும் பற்றையும் அப்படியே நிற்கும். அவரும் கை உயர்த்தினால் தப்பிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

கனகலிங்கம் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"பிள்ளை, கோடு பிழை."

"என்ன அங்கிள்?"

"நெருப்பு தெருவாலை வரேல்லை. தெற்குப் பக்கம், முட்பற்றையடியிலை தொடங்கினது. அருள்மலர் வீட்டு வேலிக்குக் கிட்ட."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் தணலைத் தாட்டனான்."

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கவுன்சில்காரர் என்ன என்ன என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மேனுஷா ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் தணிந்திருந்தது.

"டேய் இருடா," என்று யாக்கோப்பு பாய்ந்து எழுந்தார். "அண்டைக்கு இன்னும் ரெண்டு மண்வெட்டி மண் போடு எண்டு சொன்னது நானெல்லோ. ஆருக்குத் தெரியும் இப்பிடி வரும் எண்டு?"

"அடுத்த நாள் புகையைப் பாத்தது நீயில்லை. நான். ஒரு போத்தல் தண்ணியை ஊத்திப்போட்டு பஸ் ஏறிட்டன். ஒருதருக்கும் சொல்லேல்லை. பிறகும் சொல்லேல்லை."

அவர் மேடையைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. தேத்தண்ணி மேசையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அருள்மலர் கையில் இருந்த துவாயை மடித்தாள். திரும்பவும் விரித்து மடித்தாள். பின்கதவால் வெளியே போய்விட்டாள்.

மேனுஷா திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "வேருக்குள்ளை போனால் அது நாள்கணக்கா ஊர்ந்து போகும், அங்கிள். ஒரு போத்தல் தண்ணிக்கு அடங்காது. இடத்தைக் காட்டேலுமோ? இப்பவே?"

பத்து நிமிட நடை. பாதி மண்டபம் பின்னால் வந்தது. பற்றை முன்னையைவிட அடர்த்தியாக முளைத்திருந்தது. தோட்டச் சங்கத்துக்காரர் ஒருவர் மண்வெட்டியால் கிண்டினார். முழங்கால் ஆழத்தில் கரிக்கட்டிகள். அங்கிருந்து வேலிப் பக்கமாக, கறுத்து உக்கிப்போன வேர்கள். நெருப்பு போன வழி.

மேனுஷா கவுன்சில்காரரோடு ஐந்து நிமிடம் பேசினாள். பிறகு வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பற்றையை வெட்டுறம். வேலியிலை இருந்து இஞ்சை வரைக்கும் புல் மொட்டையா இருக்கும். கோடைக்குள்ளை ரெண்டு தரம். மெஷின் நேரம் எல்லாம் இந்தப் பக்கத்துக்கு. தெருவோரத்தைத் தோட்டச் சங்கமும் கோயில் ஆக்களும் கையாலை வெட்டுவினம்." ஒரு கணம் நிறுத்தினாள். "இஞ்சை இனி நெருப்பு இல்லை. ஒருதருக்கும்."

"அப்ப ஒன்றுகூடலும் இல்லை," என்றார் கனகலிங்கம். "நான் ஒன்றியத்தாலை விலகிறன்."

"விலகிப் போட்டு?"

அருள்மலரின் குரல். அவள் தன் வேலியின் சின்னக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"விலகிப் போட்டு வீட்டிலை படுப்பியளோ, கனகண்ணை? நல்ல வசதி."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"என்ரை மனிசன் இருந்திருந்தா உங்களை அடிச்சிருக்கும். அடிச்சுப்போட்டு அடுத்த நாள் உங்களோடைதான் சாப்பிட்டிருக்கும். எனக்கு அப்பிடி ஏலாது. மன்னிக்கச் சொல்லி இப்ப என்னைக் கேக்காதேங்கோ."

"கேக்கேல்லை, அருள்."

"மூண்டு வருஷமா என்ரை ரோல்ஸைத் திண்டனியள். ஒருநாள் சொல்லியிருக்கலாம்." குரல் உடைந்தது. யாக்கோப்பு நிலத்தைப் பார்த்தார். "ஒன்றுகூடல் நடக்கும். வீட்டிலை சமைச்சுக்கொண்டு வாங்கோ. கோப்பையும் அடுக்குச் சட்டியும் போதும். இந்தப் பத்து வீட்டுப் பின்வளவிலையும் காய்ஞ்சது எல்லாம் அள்ளுறது உங்கடை வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும். நான் உங்களோடை கதைக்க மாட்டன். ஆனா என்ரை கதவு திறந்திருக்கும்."

அவள் திரும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

மேனுஷா ஒரு கட்டுத் தடிகளையும் கயிற்றையும் கொண்டுவந்து போட்டாள். புல் வெட்டும் எல்லைக்கு அடையாளம் நாட்ட வேண்டும்.

"டேய்," என்றார் யாக்கோப்பு மெதுவாக. "சனிக்கிழமை எண்டால் நானும் வாறன். ஆனா பத்து மணிக்குப் பிறகுதான். சொல்லிப் போட்டன்."

"எட்டு மணிக்கு வா."

"வயசுபோனவன் மேலை இரக்கம் இல்லையோ உனக்கு?"

கனகலிங்கம் முதல் தடியை எடுத்து வேலியில் இருந்து நடக்கத் தொடங்கினார். எண்ணிக்கொண்டே போனார். இருபத்திரண்டாவது காலடியில், மேனுஷா சொன்ன எல்லையில் நின்று, தடியை ஊன்றி, உடம்புப் பாரத்தை மேலே போட்டு அழுத்தினார். மண் காய்ந்து கல்லாக இருந்தது. தடி இறங்கவில்லை.

"தண்ணி கொண்டுவா," என்றார். "ஒரு வாளி போதாது."